டிக்கிக்குள் சிவப்பு வெளிச்சம்

சாவியைத் திருப்பினாள். டிக் என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி.

புது பேட்டரி. முந்தின இரவு படுக்கப் போகும் முன் அவளே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். குறை சொல்ல முடியாத எண். இப்போது பானட்டைத் தூக்கிப் பார்த்தால் பதினொன்றரைகூட இல்லை.

"என்ன இன்ஜினீயரம்மா, இன்னைக்கும் ஐயா எழுந்திருக்கலையா?" காபி டம்ளரோடு அப்பா வாசலுக்கு வந்தார்.

"நான் ஃபிசிக்ஸ்ப்பா."

"அது வண்டிக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் மதிக்க மாட்டேங்குது."

மறுநாள் காலை அவள் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். வயல் வயலாகப் போய் மண் எடுத்து வரும் வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. இரண்டரை மணி நேர ஓட்டம், அங்கேயே தங்க ஓர் அறையும் பார்த்தாகிவிட்டது. போன வாரம் சேர வேண்டியவள். அன்றும் இதே டிக். இனி தேதி மாற்ற முடியாது, அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் கறாராக இருந்தார்: "கிளம்புற வண்டியா இருந்தா போ. நடுவழியில நின்னா யாரு வந்து தள்றது?"

அம்மா மட்டும் ஆரம்பத்திலிருந்து அவள் பக்கம். "படிச்சது எதுக்கு, சுவத்துல மாட்டவா? போய்ட்டு வரட்டுங்க" என்று முதலில் வாயைத் திறந்ததே அம்மாதான். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அம்மா. காரின் முன் சீட்டில் உட்காரச் சொன்னால்கூட, "எதையாவது அமுக்கிடப் போறேன்டி" என்று பின்னால் ஏறிக்கொள்கிற அம்மா.

வண்டியில் எதையும் அவள் பாக்கி வைக்கவில்லை. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்திருந்தாள். இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா என்று அளந்திருந்தாள், ஏறியது. இன்று காலையும் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை இணைத்து, கதவுகளை எல்லாம் மூடி, வண்டி அடங்கட்டும் என்று தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். இருபது சொச்சம் மில்லிஆம்பியர். கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் போகிற சொட்டு மின்சாரம். இந்த அளவில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் வண்டி கிளம்பும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். ஒன்றிலும் குறை இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டி உத்தமி. பார்க்காதபோது யாரோ இரத்தத்தை உறிஞ்சியதுபோலக் கிடக்கிறது.

மிச்சம் இருந்தது டிக்கி விளக்கு. அதன் சுவிட்ச் சில நேரம் சிக்கிக்கொள்ளும். மூடிய பிறகும் உள்ளே எரிகிறதோ? மூடிவிட்டால் பார்க்க முடியாது. திறந்தால் எப்படியும் எரியும். சார்ஜரைப் போட்டு மதியம் வரை ஏற்றினாள். பிறகு செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, ஸ்டெப்னி மேல் சாய்த்து வைத்து, டிக்கியை மூடினாள். வெயில் படாமல் வண்டிக்கு உறையைப் போர்த்தினாள்.

"நீ குளிச்சிட்டு வா. கை எல்லாம் கிரீஸ். அதோட தட்டைத் தொடாதே" என்று அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உறையின் பின்பக்கத்தைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பின்விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. பார்க் லைட்! தானாக எரிகிறது. சுவிட்ச்சோ ரிலேயோ தன்னால் ஒட்டிக்கொள்கிறது. ஒளிந்து விளையாடிய திருடன் கையும் களவுமாக மாட்டிவிட்டான். அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதைக் கேட்டால் அம்மா அழுதே விடுவாள்.

எதையும் தொடவில்லை. எப்போது எரிய ஆரம்பித்தது என்று தெரிந்தால் காரணம் பிடிபடும். டிக்கியை மட்டும் திறந்து, போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே குந்தி, வீடியோவைப் போட்டாள்.

டிக்கி மூடியது. விளக்கு அணைந்தது. கும்மிருட்டு. அப்பாடா, டிக்கி விளக்கு நிரபராதி. இருட்டை வேகமாக ஓடவிட்டாள். ஓரிடத்தில் உறை சரசரத்தது. நிறுத்தினாள்.

கதவு திறக்கும் சத்தம். தொடர்ந்து, திரையின் இரு மூலைகளிலும், விளக்குப் பெட்டியின் இடுக்கு வழியாக, மெல்லிய சிவப்பு கசிந்தது. விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் வண்டி எழுப்புகிற அந்தக் கீச்சொலி. அதன் மேல் ஒரு குரல்.

"இரு அக்கா, ஒரு நிமிஷம், கத்துது சனியன்... ம், சொல்லு."

கதவு மூடியது. கீச்சொலி நின்றது. குரல் வண்டிக்குள்ளிருந்து வந்தது. பெரியம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் வருகிற அந்தக் கொஞ்சல் குரல்.

"அவ குளிக்கிறா. அவர் தூங்குறார். ...ராத்திரி லைட்டைப் போட்டு விட்டுட்டு, செடிக்குத் தண்ணி ஊத்தப் போறப்போ அணைச்சிடுவேன். இன்னைக்கு மத்தியானமே போட்டுட்டேன், நிறைய ஏத்தி வச்சிருக்கா பாரு... எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறியா? இவர் ஒரு நாள் அணைக்காம வந்துட்டார்ல, அன்னைக்குச் சாப்பிடறப்போ அவதான் விளக்கமா சொன்னா. நல்லா சொல்லிக் கொடுப்பாக்கா அவ."

சிரிப்பு.

"இல்லக்கா. நான்தான் போ போன்னேன், இல்லேங்கல. அவர் எப்படியும் விட மாட்டார், நம்ம பேரு நல்லாயிருக்கட்டும்னுதான் சொன்னேன். அந்த மனுஷன் சரின்னு தலையாட்டுவார்னு யாரு கண்டா?... நாளைக்கு ஒரு நாள்தான். அது தாண்டிட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க... என்ன பாவம்? வண்டிக்குத்தானே கேடு, அவளுக்கா? அவ போய்ட்டா இந்த வீட்ல நான் யாருகிட்டக்கா பேசுவேன்? இவர் டிவிகூடப் பேசுவார்."

மூக்கை உறிஞ்சும் சத்தம். கதவு. கீச்சொலி. மறுபடி கதவு. சரசரப்பு. பிறகு அந்தச் சிவப்பு மட்டும், அசையாமல்.

அவள் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். வேறு யாராவதாக இருக்கலாம் என்பதுபோல மறுபடியும் கேட்டாள். கால் மரத்துப்போனது தெரியவில்லை. தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் திரையில் விழுந்து, ஓடுகிற நேர எண்களைப் பெரிதாக்கியது.

"சாப்பிட வாடி! ஆறுது!"

இரண்டும் ஒரே குரல்தான்.

எழுந்தாள். ஸ்பேனரை எடுத்து முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றினாள். பின்விளக்குகள் செத்தன. பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, படியேறி, கூடத்துக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து வைத்தாள்.

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அதை எதுக்குடி வீட்டுக்குள்ள?"

"வெளியில இருந்தா இறங்கிடுதும்மா."

கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் சார்ஜரின் கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா உள்ளே போய்ச் சோற்றை மறுபடி சூடாக்கினாள். அது ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

காலையில் பேட்டரியைப் பொருத்தியதும் திறந்திருந்த கதவருகே கீச்சொலி கேட்டது. சுவிட்ச் அம்மா விட்ட இடத்திலேயே இருந்தது. அதை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. பெட்டியைப் பின் சீட்டில் போட்டு, உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் இன்ஜின் உறுமியது. எதிர்பார்த்திருந்தும் தூக்கிவாரிப் போட்டது.

"அட! எழுந்துட்டார்யா ஐயா!" அப்பா கை தட்டினார். "என்னதான்டி கோளாறு?"

"தெரியலப்பா. சரியாயிடுச்சு."

அம்மா வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். கண்ணாடியில் தெரிந்தது: அவள் குனிந்து, எரிகிற சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக முன்னால் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அங்க போய் நிறுத்துனதும் இதை அணைச்சிட்டியான்னு பார்த்துக்கோ" என்றாள். "மறந்து விட்டுட்டா காலையில கிளம்பாது."

சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை விட்டாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் விளக்கு சுவிட்ச் தண்டின் முனையை அந்தக் கை தேடவில்லை, தடவவில்லை. நேராகப் போய்ப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, அணைத்தது.

அப்பாவின் கைதட்டல் பாதியில் நின்றது. அம்மாவின் கையையும் மகளின் முகத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு இது எப்படிடி..." என்று ஆரம்பித்தார்.

அவள் கியரைப் போட்டாள். அம்மாவின் கை இன்னும் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அது விலகும்வரை காத்திருந்துவிட்டு, வண்டியை நகர்த்தினாள்.