குடச்சத்தம்

உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குளத்தங்கரையிலிருந்து திரும்புவதற்குள் முருகதாஸின் வேன் முற்றத்தில் வந்து நின்றது. இறந்துகிடந்த கணவர் சுயம்புலிங்கத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பளியில் சுற்றிய ஆளுயரப் பெட்டிகள் இரண்டை இறக்கினார்கள். பெட்டிக்கு இரண்டு பேர்தான் பிடித்தார்கள். இரண்டு பேரே போதுமானதாக இருந்தது என்பதை அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்க தம்பி கோடிச்சேல கொண்டாருவான்னு பாத்தா ஃபிரிட்ஜி கொண்டாந்து எறக்குகான்" என்றாள் பக்கத்தில் இருந்த நேசம்மாள்.

"ஃபிரிட்ஜி இல்ல பெரியம்மா, ஸ்பீக்கராக்கும்" என்றாள் பிந்து. செல்லக்கனியின் ஒரே மகள். திருவனந்தபுரத்திலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தவளுக்கு அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன சுயம்புலிங்கம், குழாயைத் திறந்தபடியே சரிந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டுத்தான் செல்லக்கனி போய்ப் பார்த்தாள்.

முருகதாஸ் உள்ளே வந்தான். அத்தானின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கண் கலங்கத்தான் செய்தது. பிறகு அக்காவின் பக்கத்தில் குனிந்தான்.

"அக்கா, அத்தான் சாதாரண ஆளா? அவரு போற அன்னைக்கு கொழாய் ஸ்பீக்கர் கட்டி அலற விடப்புடாதுல்லா. அதான் இருக்குறதுலயே பெரிய ஜோடிய எடுத்துட்டு வந்தேன்."

அவன் பின்னால் நாகர்கோவிலில் இருந்தும் கொச்சியில் இருந்தும் வந்த ஆறேழு பேர் நின்றார்கள். முருகதாஸின் கடையில் வாங்குபவர்கள், வருஷந்தோறும் கொச்சி ஓட்டலில் நடக்கும் ஆடியோ கண்காட்சிக்கு ஒன்றாகப் போகிறவர்கள். தொலைபேசி ஆபீசிலிருந்து ஓய்வுபெற்ற சத்தியராஜ் மட்டும் அவளுக்குத் தெரிந்த முகம். மற்றவர்களிடம் முருகதாஸ் சொல்வது கேட்டது.

"நம்ம பெட்டிக்கெல்லாம் ஆரம்பத்துல மரவேல இவருதான் பாத்தாரு. எனக்க வலங்கை போச்சு சார்."

செல்லக்கனி கணவரின் நெற்றியில் திருநீற்றைச் சரிசெய்தாள். மரவேலை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதை இங்கிலீஷில் சொன்னான்.

அன்று கொச்சியில், ஓட்டலின் நாலாம் மாடி அறை ஒன்றில், சுயம்புலிங்கம் மூன்று வருஷம் உழைத்துச் செய்த முதல் ஜோடி நின்றது. பெட்டி ஒன்றுக்கு நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். கடை முருகதாஸினுடையது, பெட்டி சுயம்புலிங்கத்தினுடையது, பெயர் இரண்டு பேருக்கும் என்பது பேச்சு. செல்லக்கனி சாப்பாட்டுப் பையோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாற்காலி போட்டு, கதவைச் சாத்தி, பத்து பத்து நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் பாட்டு. மெதுவாகப் பாடும் ஒரு பெண்குரல். ஒற்றை கிட்டார். ஒரு புல்லாங்குழல். பக்கத்து அறைகளிலும் அதேதான். வராந்தாவில் நடந்தால் ஒரே பெண் எல்லா அறையிலும் இருந்து பாடுவதுபோல இருந்தது.

சுயம்புலிங்கம் தான் பதிவுசெய்த ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். ஊர் அம்மன் கோயில் கொடைவிழாவில் பாடிய வில்லுப்பாட்டு. பாட்டு தொடங்குமுன் ஒரு நிமிஷம் குடம் மட்டும் பேசும். மட்டையால் குடத்தின் வாயில் அறைய, சத்தம் மண்ணுக்குள் இறங்கி அடிவயிற்றில் ஏறும்.

"ஏசி ரூமுல வில்லு போட்டா ஆளு எந்திச்சுப் போயிருவான் அத்தான்" என்றான் முருகதாஸ்.

"இந்தப் பாட்டெல்லாம் எந்தப் பெட்டியிலயும் நல்லாத்தாம்லே இருக்கும். குடத்தப் போடு. தாங்குதா பாரு."

அப்போது ஒரு பத்திரிகைக்காரர் உள்ளே வந்தார். பெட்டியைத் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். 'டிசைன் என்னுடையது' என்றான் முருகதாஸ், இங்கிலீஷில். தூசி துடைக்கும் துணியோடு நின்ற சுயம்புலிங்கத்தைக் கைகாட்டி, "ஹீ இஸ் அவர் கார்ப்பென்டர்" என்றான். ஊர் நூலகத்தில் இருபத்தாறு வருஷம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் செல்லக்கனி. அவளுக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. அவர் துணியை நாலாக மடித்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே வண்டி பிடித்து அந்த ஜோடியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வரைபடம் முருகதாஸிடம் இருந்தது. அடுத்த வருஷம் அவன் கோயம்புத்தூரில் கொடுத்து அதே அளவில் பெட்டி செய்தான். நன்றாக விற்றது. இன்று முற்றத்தில் நிற்பதும் அதுதான்.

வரைபடத்தில் ஒரே ஒரு விஷயம் இல்லை. பெட்டியின் சுவர் இரட்டைப் பலகை, நடுவே அரை அங்குல இடைவெளி என்பது வரை எழுதியிருந்தார். அந்த இடைவெளியில் என்ன இருக்கவேண்டும் என்பதை எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை, ஏனென்றால் அது பட்டறையில் நடந்ததல்ல, அடுக்களையில் நடந்தது. மணவாளக்குறிச்சிக் கரையில் மழைக்குப் பிறகு கறுத்து ஒதுங்கும் மணல், கைநிறைய அள்ளினால் ஈயம்போல் கையைக் கீழே இழுப்பது. அவர் சைக்கிளில் கொண்டுவருவார். செல்லக்கனி உப்புப் போக ஏழு தண்ணீரில் கழுவி, காயவைத்து, கடலை வறுக்கும் சட்டியில் போட்டு வறுப்பாள். அவர் புனலால் ஊற்றி ஊற்றி அகப்பைக் காம்பால் தட்டுவார். அவள் சுவரில் காதை வைத்துக்கொண்டிருப்பாள்.

"சத்தம் செத்துதா?"

"இன்னும் இல்ல."

தட்டுவார். "இப்பம்?"

"செத்துது."

முருகதாஸின் முதல் பெட்டியை யாரோ எடுத்த வீடியோவில் கேட்டபோது சுயம்புலிங்கம் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். "மண்ணு போடல்ல, பாத்தியா. அதான் கொட்டு வார பாட்டே போடமாட்டேங்கான்" என்று சிரித்தார்.

"சொல்லிக் குடுப்பியளா?"

"கேட்டாச் சொல்லுவேன்."

எட்டு வருஷம். ஓணத்துக்கு வந்தான், பிந்துவின் கல்யாணத்துக்கு வந்தான். கேட்கவில்லை. கேட்டால் பெட்டி யாருடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

முற்றத்தில் புல்லாங்குழல் தொடங்கியது. தெளிவாக, இனிமையாக இருந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். அடுத்து ஒரு பெண்குரல். கொச்சிக்காரர் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டினார். முருகதாஸின் கடைப்பையன் ஒருவன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தான். அத்தானின் முகம், பெட்டி, மறுபடியும் பெட்டி.

செல்லக்கனி எழுந்தாள். உடலை எடுக்கும்வரை அவள் எழுந்திருக்கக்கூடாது என்று நேசம்மாள் சேலையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு வாசல்நடைக்கு வந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"முருகா, அவருக்குப் புடிச்சது ஒண்ணு இருக்கு. அதப் போடுலே."

"என்ன வேணும் சொல்லுக்கா, எல்லாம் எங்கிட்ட இருக்கு."

"ஒங்கிட்ட இருக்காது." முந்தானை முடிச்சிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினாள். விடியற்காலையிலேயே முடிந்து வைத்திருந்தாள்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா... சாவு வீட்ல வில்லா? ஆளுவ என்ன நெனப்பாவ?"

"எனக்க மாப்பிளதாம்லே செத்துக் கெடக்காரு. ஆளுவளுக்கு என்ன?"

"போடும் முருகதாஸ்" என்றார் சத்தியராஜ் மெதுவாக. "அம்மா கேக்காவல்லா."

கணவனை இழந்தவள், உடல் கூடத்தில் இருக்கும்போது கேட்டது. கோடி கொண்டுவந்த தம்பி மறுக்க முடியாது. போட்டான். ஒலியைக் குறைத்து வைத்துத்தான் போட்டான்.

"கேக்கல்ல. கூட்டு."

கூட்டினான். குடம் அறைந்தது. முதல் அடியிலேயே வலதுபக்கப் பெட்டியின் விலா உறுமியது. இரண்டாவது அடிக்கு இரண்டும் சேர்ந்து, தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டுபோல ஙொய்யென்று இழுத்தன. அடுத்த அடி விழும்போது முந்தைய அடி இன்னும் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கொச்சிக்காரர் கண்ணைத் திறந்தார். சத்தியராஜ் போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சுட்டுவிட்டதுபோல எடுத்துக்கொண்டார்.

முருகதாஸ் நிறுத்தினான். "ரெக்கார்டிங் செரியில்ல சார். வீட்ல எடுத்ததுல்லா" என்றான். கண்காட்சியில் பிடிக்காத பாட்டைக் கொண்டுவருபவர்களிடமும் அதைத்தான் சொல்வான்.

"அப்பிடியா?" என்றாள் செல்லக்கனி. "உள்ள அவருக்க பழைய ஜோடி நிக்கி. பிந்து, கதவத் தொற மக்கா. அதுலயும் ஒருக்கா கேட்டுரட்டு."

கூடத்தை ஒட்டிய அறையில் பெட்டிகள் போர்வைக்கு அடியில் நின்றன. பிந்து போர்வையை விலக்கி, அப்பா சொல்லிக்கொடுத்தபடி பொத்தான்களைப் போட்டாள்.

குடம் அறைந்தது. அறைந்து நின்றது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது, நடுவே சுத்தமான மௌனம். தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். சுயம்புலிங்கத்தின் கால்மாட்டில் வைத்திருந்த விளக்கின் எண்ணெயில் அலை வளையம் வளையமாக விரிந்தது. செல்லக்கனி அந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் முடிந்து பாட்டுக்காரர் தொண்டையைச் செருமியபோது பிந்துவிடம் நிறுத்தச் சொன்னாள்.

 சத்தியராஜ் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சுயம்புலிங்கத்தின் காலடியில் மறுபடியும் ஒருமுறை கும்பிட்டார்.

"ஏழு வருசமா நான் காசு குடுத்து வண்டுச் சத்தத்த வாங்கி வச்சிருக்கேன்" என்றார் வெளியே போகும்போது, யாரிடம் என்றில்லாமல். கடைப்பையன் போனைப் பைக்குள் போட்டிருந்தான்.

கோடி போடும் நேரம் வந்தது. முருகதாஸ் புதுச்சேலையை அக்காவின் தோளில் போர்த்தினான்.  போர்த்தக் குனிந்தவன் அப்படியே காதோரம் கேட்டான்.

"அக்கா, அந்தப் பெட்டிக்குள்ள என்ன வச்சாரு?"

எட்டு வருஷத்தில் முதல்முறை. யாரிடம் கேட்டிருக்கவேண்டுமோ அவர் மூன்றடி தள்ளிப் படுத்திருந்தார். செல்லக்கனி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் கொண்டுட்டுப் போறேன் அக்கா. புது ஜோடி ஒனக்கு இருக்கட்டு. இது இங்க சும்மாதான கெடக்கும். வாற மாசம் கொச்சியில ஷோ. அத்தானுக்க ஓர்மைக்கு வைக்கலாம்."

இல்லை என்றால் பதினாறுக்கு வருவான். வருஷத் திதிக்கும் வருவான். அவள் கண்ணை மூடிய பிறகு பிந்துவிடம் வருவான்.

"சுடுகாட்டுக்குப் போயிட்டு வா" என்றாள். "வந்து கொண்டு போ."

ஆண்கள் தூக்கிக்கொண்டு வயல்வரப்பில் இறங்கி மறைந்ததும், பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். செல்லக்கனி பிந்துவைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கையில் கடலை வறுக்கும் சட்டியும் ஒரு திருப்புளியும் இருந்தன.

பெட்டியின் அடியில், நாலு கால்களுக்கு நடுவே, அவளே மெழுகு வைத்து அடைத்த மரத்தக்கைகள் இருந்தன. முதல் தக்கையை நெம்பி எடுத்தாள். மணல் ஒரு கறுத்த கயிறுபோல இறங்கியது.

"எம்மா! என்ன செய்யிய?" பிந்து அவள் கையைப் பிடித்தாள். "அப்பாக்க பெட்டிம்மா இது. இனி அந்தச் சத்தம் வராதும்மா."

"வராது."

"பின்ன என்னத்துக்கு?"

"தொறந்து பாக்கட்டு" என்றாள் செல்லக்கனி. "பலக பலகயா இளக்கிப் பாக்கட்டு. அவன் பெட்டியில என்ன இருக்கோ அதுதான் இதுலயும் இருக்கும்."

பிந்து கையை எடுத்தாள். போய் இன்னொரு பாத்திரம் கொண்டுவந்தாள்.

பாத்திரம் நிறைய நிறைய, பின்வாசல் வழியாகச் சுமந்தார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. முற்றத்துக் குழாயடியில் சாரல்மழைக்குப் பிறகு பாசி பிடித்திருந்தது. செல்லக்கனி அங்கே மணலைக் கொட்டிப் பரப்பினாள். மிஞ்சியதை வேன் நிற்கும் இடம்வரை நடைபாதை நீளத்துக்குத் தூவினாள்.

"நல்லதாப் போச்சுட்டி" என்றாள் வாரியலோடு வந்த நேசம்மாள். "சுடுகாட்டுலேருந்து வாறவியளுக்கு வழுக்கும்லா."

எல்லாம் கொட்டிய பிறகு அவள் அறைக்குப் போய்த் தக்கைகளைத் திரும்ப வைத்து மெழுகு தடவினாள். பெட்டியின் சுவரில் காதை வைத்து விரல்கணுவால் ஒருமுறை தட்டினாள். உள்ளே நீளமாக ஒலித்தது. அது அடங்கும்வரை காதை எடுக்கவில்லை. பிறகு குளிக்கப் போனாள்.

மதியத்துக்கு மேல் ஆண்கள் திரும்பினார்கள். ஒவ்வொருவராகக் குழாயடியில் நின்று கால் கழுவினார்கள். முருகதாஸ் கடைசியாக வந்தான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றான். தண்ணீர் ஊற்ற ஊற்றக் கறுத்த மணல் அவன் கணுக்காலில் ஏறி ஒட்டியது.

"என்னக்கா இது, போவமாட்டேங்கி?"

"பாசிக்குப் போட்டது" என்றாள் நடையில் நின்ற செல்லக்கனி. "தேச்சுக் கழுவுலே."

அவனும் டிரைவருமாக உள்ளே போய் முதல் பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கியவன் ஒரு கணம் அப்படியே நின்றான்.

"அன்னைக்குக் கொச்சியில நாலு பேரு தூக்குனோம்லா?"

"எட்டு வருசமாச்சு" என்றாள். "மரம் காஞ்சிருக்கும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் புதுக்கோடியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல், மணல் நெறுநெறுக்க நடந்து பெட்டியை வேனில் ஏற்றினான். இரண்டாவதையும் ஏற்றினான். கம்பளியால் கவனமாகப் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டினான்.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவன் கால்களை வெளியே நீட்டினான். செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று அடித்தான். பாதத்தையும் விரலிடுக்கையும் துண்டால் துடைத்தான். ஒரு மணல்மணிகூட வண்டிக்குள் வராதபடி எல்லாவற்றையும் தட்டிவிட்டு, கதவைச் சாத்தினான்.