வடக்கு மூலையில் தொங்கிய துண்டுகள்

அணு உலையின் எரிபொருள் குளத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் ஓராள் கூண்டு ஒன்றுக்குள் நுழைய வேண்டும். பின்கதவு மூடிக்கொள்ளும்; முன்கதவு உடனே திறக்காது. உடம்பில் கதிரியக்கத் தூசு ஒட்டியிருக்கிறதா என்று இயந்திரம் பத்து வினாடி ஆராயும். "அசையாமல் நிற்கவும்" என்று பதிவு செய்த பெண்குரல் ஒன்று பணிவுடன் கேட்டுக்கொள்ளும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அசையாமல் நின்றிருக்கிறேன். அன்றுதான் அந்தப் பத்து வினாடி எனக்கு நீளமாகத் தோன்றியது. சற்று முன் ஒகிட்சு வேடிக்கையாகச் சொன்ன ஒரு சொல்லே அதற்குக் காரணம்.

ஒகிட்சு குளத்தின் மேல் எரிபொருளை நகர்த்தும் எந்திரத்தை ஓட்டுபவர். என்னைக் கண்டதும் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி, என் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கேட்டார்:

"என்ன மொமோசே சான், பென்ஷன்காரங்களப் பாக்க வந்தீங்களா?"

"யாரு?"

"உங்க சோதனைத் துண்டுங்கதான். அதோ, வடக்கு மூலைல. பக்கத்துல எல்லாம் இருபது வருஷமா ஆறிக் கெடக்கற கெழட்டுக் கட்டுங்க. சூடும் இல்ல, தொல்லையும் இல்ல. அப்படி ஒரு எடம் கெடச்சா நானும் நூறு வயசு இருப்பேன்."

நான் சிரித்தேன். கூண்டுக்குள் நிற்கும்போதுதான் சிரிப்பு நின்றது.

அணு உலையிலிருந்து எடுக்கும் எரிபொருள் கட்டுகளை இந்தக் குளத்தில் அடுக்கி வைக்கிறோம். வரும் மார்ச்சில் இடம் தீர்ந்துவிடும். பழைய அடுக்குகளை எடுத்துவிட்டு இன்னும் நெருக்கமான அடுக்குகளை வைத்தால், அதே குளம் ஒன்றரை மடங்கு கொள்ளும். ஆனால் கட்டுகள் நெருங்க நெருங்க, தண்ணீருக்கடியில் அணுப்பிளவுத் தொடர்வினை மீண்டும் தொடங்கும் அபாயமும் நெருங்கும். அதைத் தடுப்பவை கட்டுகளுக்கு இடையே நிற்கும் போரான் தகடுகள். அவை கெடாமல் இருக்கின்றனவா என்று அறிய, அதே பொருளால் ஆன சிறு துண்டுகளைக் குளத்தில் தொங்கவிட்டு, ஈராண்டுக்கு ஒருமுறை எடுத்து அளக்கிறோம். துண்டுகள் பழுதின்றி இருந்தன. ஆகவே தகடுகளும் பழுதின்றி இருக்கும். ஆகவே விரிவாக்கம் பாதுகாப்பானது. விரிவாக்க அறிக்கையின் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் இந்த இரண்டு 'ஆகவே'களின் மேல் நின்றன. அதில் முதல் முத்திரை வைக்க வேண்டியவன் நான்.

சோதனைத் துண்டுகள் இருக்க வேண்டிய இடம் தெற்கு வரிசை. உலையிலிருந்து அப்போதுதான் வந்த, மிகச் சூடான கட்டுகளின் அருகு; தகடுகள் முதலில் கெடக்கூடியது அங்கேதான். ஆவண அறையில் துண்டுகளின் இடமாற்றத் தாளைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. "காரணம்: எந்திரத்தின் பாதைக்கு இடையூறு, ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் வீணாகிறது. பாதுகாப்பில் தாக்கம்: இல்லை." கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, மொமோசே என்ற என் பெயர் முத்திரை. எங்கள் அலுவலகத்தில் கீழ்நிலையில் இருப்பவர் தம் முத்திரையை, அடுத்த கட்டத்திலுள்ள மேலதிகாரியின் முத்திரைக்கு வணக்கம் சொல்வதுபோல் சற்றே சாய்த்து வைப்பது வழக்கம். என்னுடையது நன்றாகவே சாய்ந்திருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் ஹமுராவிடம் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"தெரியும். பாத்திருக்கேன்."

"தெரிஞ்சுமா இந்த அறிக்கை வேலைய என்கிட்ட குடுத்தீங்க?"

"தெரிஞ்சதாலதான். வேற ஆளா இருந்தா, தப்பு மொமோசே சானோடதுன்னு மேல எழுதிப்புடுவான். உங்களுக்கு ஏன் அந்தத் தொல்லைன்னு நெனச்சேன்."

அந்தக் கருணையில் வெளியேற ஒரு வாசல்கூட இல்லை.

"தலைவரே, மூலைல தொங்குன துண்டு நல்லா இருக்குங்கறதுக்காக, சூட்டுல நிக்கற தகடும் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது."

"கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்ப விடுங்க. குளம் நெறஞ்சா உலைய நிறுத்தணும். உங்க சம்சாரம் தங்குவிடுதிலதானே வேலை பாக்கறாங்க? அங்க வந்து தங்கறவன் பாதிப்பேர் நம்ம பராமரிப்பு ஆளுங்க. அதுவும் போக..." குறிப்பேட்டைப் புரட்டினார். "பதினாறாம் தேதி, மறுப்பு இல்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

சொல்லியிருந்தேன். எங்களிடையே எந்த முடிவும் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. அதற்குப் பல வாரங்கள் முன்பே, வரைவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒவ்வொரு மேசையாக வந்து இசைவு கேட்டுப் போவார். பிறகு நடப்பது சடங்கு. ஹமுரா அவரைப்பயறு பூரணம் வைத்த பலகாரத்துடன் வந்திருந்தார். கணக்குகளைச் சரிபார்த்திருந்தேன், இடவரைபடத்தைப் பார்க்கவில்லை. பலகாரத்தைத் தின்றுவிட்டு இசைந்தேன். கொடுத்த இசைவைக் கூட்டத்தில் திரும்பப் பெற்ற எவரையும் நான் கண்டதில்லை.

அதற்குப் பின் ஐந்து நாட்கள் அந்த அறிக்கை என் மேசைமேல் இருந்தது. ஏழு முத்திரைக் கட்டங்கள். கடைநிலையில் உள்ளவனே முதலில் வைக்க வேண்டும். தாள் என்னைத் தாண்டிப் போகாது; நானும் தாளைத் தாண்டிப் போக முடியாது. உணவுக்கூடத்தில் எல்லாரும் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். இரண்டுமுறை முத்திரையை மையில் ஒற்றினேன், இரண்டுமுறையும் துடைத்துவைத்தேன்.

கூட்டம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. சன்னல் இல்லாத அறை. ஹமுரா கடைசிப் பக்கம்வரை ஒரே குரலில் படித்து முடித்தார்.

"மறுப்பு எதுவும் இல்லீங்களே?"

கேள்வியின் வடிவிலேயே விடை இருந்தது. மூன்று வினாடி மௌனம் இசைவு என்று கொள்ளப்படும். இரண்டாவது வினாடியில் பேசினேன்.

"துண்டுங்கள வடக்கு மூலைக்கு மாத்துனது நான்தான். பாதுகாப்புல தாக்கம் இல்லன்னு எழுதுனதும் நான்தான். அது தப்பு. தகடுங்க எப்படி இருக்குன்னு நமக்குத் தெரியாது."

ஒருவர் தேநீர்க் கிண்ணத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஹமுரா குறிப்பேட்டைத் திறந்தார்.

"பதினாறாம் தேதி மறுப்பு இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன். பலகாரமும் சாப்பிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. இடமாற்றத் தாளை மேசையின் நடுவில் வைத்தேன். அது கைக்குக் கைமாறியது. ஒவ்வொருவரும் என் சாய்ந்த முத்திரையைப் பார்த்தார்கள். அது யாரை வணங்கி நின்றது என்பதையும் பார்த்தார்கள். அடுத்த கட்டத்தில் இருந்தது ஹமுராவின் முத்திரை. அவர் எனக்கு மிச்சப்படுத்த விரும்பிய தொல்லையில் பாதி யாருடையது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தாளைக் கண்ட நாளில் நான் பார்த்தது என் பெயரை மட்டும்தான்.

"அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கறோம்," என்றார் ஹமுரா, தாளைப் பார்த்தபடியே.

திங்களன்று ஆணை வந்தது. தெற்கு வரிசைத் தகடுகளை நேரடியாக அளக்க வேண்டும், எட்டு மாதம், அதுவரை விரிவாக்கம் இல்லை. மார்ச்சில் உலை நிற்கும். பொறுப்பாளர்: மொமோசே. பணி முடியும்வரை இடமாற்றமோ விடுப்போ கிடையாது. முதல் கட்டம் எனக்குரியது. முத்திரையை நேராக வைத்தேன்.

விடுதியில் என் மனைவியிடம் இப்போது சிலர் பேசுவதில்லை. அவள் அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை.

அளவிடும் கருவியைக் குளத்துக்குக் கொண்டுபோனபோது ஒகிட்சு எந்திரத்தின்மேல் காத்திருந்தார்.

"அப்ப பென்ஷன்காரங்கள மறுபடி வேலைக்குக் கூப்பிடறீங்களா?"

"இல்ல. வேலைல இருக்கறவங்களப் பாக்கப் போறோம்."

அவர் தலையாட்டிவிட்டு, தெற்கு வரிசையின் மேலிருந்து எந்திரத்தை ஒதுக்கத் தொடங்கினார். அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.