துணை ஜனாதிபதியின் ஒரே ஓட்டு

ஓர்வாவின் சமையலறையில் துணை ஜனாதிபதிக்கென்று தனித் தட்டு கிடையாது. ஓரம் சில்லு பெயர்ந்த பழைய தட்டில் பீன்ஸையும் சோள ரொட்டியையும் வைத்து, தம்பி ஹார்லன் முன்னால் நகர்த்தினாள். முகத்தில் கோபம் இல்லை. குளிர்காலத்திலிருந்தே அப்படித்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வெளியே பாதுகாப்பு ஆட்கள் கறுப்புக் கார்களில் சாய்ந்துகொண்டு அடுத்த வீட்டு நாயை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஓர்வாவின் புருஷன் டெல்பர்ட், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தான். வயசு வந்த நாளிலிருந்து நிலக்கரிச் சுரங்கம். கரித்தூள் நெஞ்சை அடைத்துவிட்டது. அந்த மலைப்பக்கத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு ஆள், இப்படி ஒரு குழாய்.

"என்ன மாப்ள, உன்னை வலது கைன்னு டிவில சொன்னாரே உங்க ஜனாதிபதி," என்றான் டெல்பர்ட். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "கை இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கா?"

"ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு மாமா."

"உங்கிட்ட நேர்ல சொன்னாரா, டிவிகிட்ட சொன்னாரா?" ஓர்வா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

ஹார்லன் ரொட்டியைப் பிய்த்தான். ஒரு மாதமாகப் பத்திரிகைகளில் அதே பேச்சு. ஜனாதிபதி விட்காம் இரண்டாம் முறை நிற்கிறார். பழைய துணை ஜனாதிபதியோடேயே நிற்பாரா, ஆளை மாற்றுவாரா? ஹார்லன் கவலைப்படவில்லை. சுரங்கக்காரன் மகன். இந்த மலை மாவட்டங்களின் ஓட்டுக்காகத்தான் போன முறை அவனைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட நாளிலிருந்து இன்றுவரை ஜனாதிபதி சொன்ன எதற்கும் அவன் முடியாது என்று சொன்னதில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு இதே ஊர் மைதானத்தில் அவன் பேசுவதாக ஏற்பாடு. சொந்த ஊர்க் கூட்டத்தைக் காட்டிவிட்டால் பத்திரிகைக்காரன் வாயை அடைத்துவிடலாம்.

சுவரில் மாட்டியிருந்த ஃபோன் அடித்தது.

ஓர்வா எடுத்தாள். துணி மில்லில் வேலை பார்த்த காலத்துத் தறிச் சத்தம் அவள் காதைப் பாதி தின்றிருந்தது. அதனால் ரிசீவரில் சத்தம் கூட்டும் திருகு வைத்த ஃபோன் வாங்கி, திருகை எப்போதும் கடைசிவரை திருகி வைத்திருப்பாள். எதிர்முனையில் யார் பேசினாலும் சமையலறைக்கே கேட்கும்.

"வணக்கம்மா. தேர்தல் பத்தி ஒரு சின்னக் கருத்துக் கேட்பு. ரெண்டு நிமிஷம் பேசலாமா?" ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"சாப்பாட்டு நேரம். சரி, கேளு."

ஹார்லன் சிரித்துக்கொண்டான். ஃபோன் அக்கா புருஷன் பெயரில், டெல்பர்ட் கான்ட்ரல் என்று இருந்தது. யார் வீட்டுக்குப் போட்டிருக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை.

"ஜனாதிபதி விட்காமுக்கு ஓட்டுப் போடுவீங்களாம்மா?"

"போடலாம். போடாமலும் இருக்கலாம்."

"அவரோட துணை ஜனாதிபதியா இப்ப இருக்கற ஹார்லன் ஸ்டிடமுக்குப் பதிலா, உழைக்கிற குடும்பத்தோட கஷ்டம் தெரிஞ்ச கவர்னர் லெனோர் ஹாஸ்கின்ஸ் நின்னா, நீங்க ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட வாய்ப்பு அதிகமா, குறைவா, வித்தியாசம் இல்லையா?"

ஹார்லனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

'உழைக்கிற குடும்பத்தோட கஷ்டம் தெரிஞ்ச.' அந்த வார்த்தைகளை அவனுக்குத் தெரியும். போன தேர்தலில் அதை அவன் பெயருக்கு முன்னால் மாட்டித்தான் வீடு வீடாக ஃபோன் போட்டார்கள். எழுதியவன் ஜனாதிபதியின் சொந்த ஆள். எழுதிய தாளை ஹார்லனிடம் காட்டி, எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டான். எதிர்க்கட்சி வேலை இல்லை இது. அவனுக்குத் தைத்த சட்டையை இன்னொருத்தி உடம்பில் போட்டு அழகு பார்க்கிறார்கள்.

அவன் அக்காவைப் பார்த்து அவசரமாகக் கையைக் கீழ்நோக்கி ஆட்டினான். குறைவு என்று சொல். குறைவு.

ஓர்வா அவன் கையைப் பார்த்தாள். பிறகு டெல்பர்ட்டின் மூக்குக் குழாயைப் பார்த்தாள்.

"அதிகம்," என்றாள்.

"காரணம் சொல்ல முடியுமாம்மா?"

"மூச்சு நோய்க்காரங்களுக்கு இங்க ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு. போன குளிர்காலத்துல, அதுக்குப் பணம் நிறுத்தலாமா வேண்டாமான்னு செனட்டுல வந்தப்ப ரெண்டு பக்கமும் சமமா நின்னுது. அப்படி நின்னா மட்டும் துணை ஜனாதிபதிக்கு ஒரு ஓட்டு உண்டு. இவர் ஓட்டுப் போட்டு நிறுத்தினாரு. அந்தம்மாவுக்கு எங்க ஊரு எந்தத் திசைன்னு தெரியாது. தெரியாம செய்யறவங்ககிட்டப் போய் சண்டை போடலாம். இவருக்கு எல்லாம் தெரியும்."

விரல்கள் தட்டச்சு செய்யும் சத்தம் சமையலறையில் படபடவென்று விழுந்தது.

"எனக்கும் ஒரு கருத்து இருக்குன்னு சொல்லு," என்றான் டெல்பர்ட்.

"மன்னிக்கணும், வீட்டுக்கு ஒருத்தர்தான்," என்று ஃபோன் பதில் சொன்னது.

ஓர்வா ரிசீவரை மாட்டிவிட்டு, தம்பி தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டாள்.

"அக்கா, நீ என்ன செஞ்சேன்னு தெரியுதா உனக்கு?"

"கேட்டா. சொன்னேன்."

"அந்த ஓட்டை நானா போட்டேன்? அவர் போடச் சொன்னாரு. துணை ஜனாதிபதின்னா என்னன்னு நினைச்சே? சொந்தமா ஒரு மயிரும் கிடையாது. சாவுக்குப் போகணும், கல்யாணத்துக்குப் போகணும், அவர் பின்னாடி நின்னு கை தட்டணும். எனக்குன்னு ஒரு ஓட்டே கிடையாது."

"அன்னிக்கு இருந்துச்சேடா," என்றாள் ஓர்வா. "நாலு வருஷத்துல அது ஒண்ணுதான் இருந்துச்சு."

ஹார்லன் எழுந்துபோய் அதே ஃபோனை எடுத்தான். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. உதவியாளர்கள் ஒவ்வொருவராகத் தாண்டி ஜனாதிபதி லைனுக்கு வர நேரம் பிடித்தது. திருகைக் குறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஹார்லன்! ஊர்ச் சாப்பாடா? குடுத்து வச்ச ஆளுய்யா நீங்க."

"சார், என்னை மாத்தறதா ஃபோன் போட்டுக் கேக்கறாங்க."

ஜனாதிபதியின் குரலில் தேன் குறைந்தது. "கேட்டுப் பாத்தா தப்பா? உங்க மாவட்டத்துலயே நீங்க தேறல, ஹார்லன். அந்த ஜனங்களைக் கொண்டுவரத்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"அந்த ஆஸ்பத்திரி விஷயம்தான் சார். நீங்க சொல்லித்தான்..."

"நான் சொன்னது யாருக்குத் தெரியும்? ஓட்டுப் போட்டது உங்க கை." பெருமூச்சு ஒன்று சமையலறையில் இறங்கியது. "நானா உங்களைத் தூக்கினேன்னு இருக்க வேண்டாம். எனக்கும் அசிங்கம், உங்களுக்கும் அசிங்கம். நாளைக்கு அங்கதானே பேசறீங்க, நீங்களே விலகறதா சொல்லிடுங்க. குடும்பக் காரணம்னு. உங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஏதோ மூச்சுக் கோளாறுன்னு சொன்னீங்களே, அதையே வச்சுக்கங்க. அவரைப் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்னு சொல்லுங்க. ஜனம் உருகிடும். அப்புறம் ஏதாவது நல்ல நாட்டுக்குத் தூதரா அனுப்பறேன். கடற்கரை உள்ள ஊரா பாப்போம்."

ஓர்வா அடுப்பை அணைத்தாள். ஆக்சிஜன் மெஷின் மட்டும் உஸ் உஸ் என்று இரைந்தது.

கத்த வேண்டும் என்று ஹார்லனுக்கு இருந்தது. வாயைத் திறந்தான். நான்கு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சரிங்க சார்," என்றான்.

ரிசீவரை மாட்டிய பிறகும் சுவரையே பார்த்து நின்றான். திரும்பினால் டெல்பர்ட்டின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

"பரவால்ல மாப்ள," என்றது டெல்பர்ட்டின் குரல். "முதலாளி இந்த நெஞ்சுல சம்பாதிச்சான். டாக்டர் சம்பாதிச்சான். மிச்சம் இருந்ததை நீ எடுத்துக்கற. எடுத்துக்க."

"மாமா, அவர் சொல்றது..."

"நாளைக்கு எனக்கு டாக்டர்கிட்டப் போற நாள். ஆஸ்பத்திரி இப்ப மலைக்கு அந்தப் பக்கம். காலைல ஆறு மணிக்குக் கிளம்பினாத்தான் உண்டு. வளைவுல உங்க அக்காவுக்குக் கார் ஓட்ட பயம்." மூச்சுக்காக நிறுத்தினான். "என்னைப் பாத்துக்கத்தான் வேலையை விடறேன்னு ஊருக்குச் சொல்லப் போறியே. நீ வந்து ஓட்டு."

ஹார்லன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏன் பார்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பத்து மணிக்கு மேடை, மாமா."

டெல்பர்ட் தலையை ஆட்டினான். இந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தான் போல. ஓர்வா வந்து தம்பி முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். அதில் இன்னும் பாதிச் சாப்பாடு இருந்தது. வாசலில் சுரண்டிப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டு வந்து, தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.