ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி

1

இந்தக் கதை என் அக்கா வீட்டுக் கார் ஷெட்டில் கிடைத்தது. அதற்குள் கார் நின்று நான் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி எல்லாம் தெர்மோகோல்கூடக் கலையாமல் கூரை வரை அடுக்கியிருந்தன. ஊருக்குத் திரும்பும்போது சாமான் கட்ட வேண்டுமே என்று அத்தான் எடுத்துவைத்தவை. ஏழு வருடமாகக் கார் தெருவில் வெயில் காய்கிறது.

வெளிநாட்டில் தங்கிவிட்ட ஒரு குடும்பம்

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். தங்கிவிட்டார்களா என்பதுதான் கதையே.)

2

முதல் ஆரம்பம்: ‘அவள் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.’ அடித்துவிட்டேன். அவளுக்கு ஜன்னலருகே நிற்க நேரமில்லை.

இரண்டாவது: ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கிறவளை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இப்படி வந்த வேலையை முன்பும் விட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் கணவர், “அடுத்த வருஷம் போயிடப் போறோம், இது எதுக்கு?” என்றார். கோபமாக அல்ல. சாப்பிட்டுக்கொண்டே, உப்பு கேட்கிற குரலில்.

இது போதும். இங்கிருந்து போகிறேன்.

3

சனிக்கிழமை கணவர் ஷிஃப்டுக்குப் போனதும், அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து குப்பை வண்டி நிற்கும் இடத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். (அவர் பேசியது வேறு மொழி. தமிழில் எழுதினால் நம் ஊர்க்காரர் ஆகிவிடுகிறார். ஆகட்டும்.)

“கிளம்பிட்டீங்களா?”

அவளுக்காக மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ‘இல்லை, இங்கேயே இருக்கப் போகிறோம்’ என்பது மேடை வசனம். ‘இடத்தை ஒழிக்கிறேன்’ என்பது பொய்யில்லை, ஆனால் சப்பென்று இருந்தது. மூன்றாவதை அவளே சொன்னாள்.

“ஆமா, சீக்கிரம்.”

ஏழு வருடப் பழக்கம். நாக்கு தானாகப் புரண்டுவிட்டது.

“நெனச்சேன்,” என்றார் அவர். “வந்ததிலேருந்து ஒரு செடிகூட வைக்கலையே நீங்க.”

கை குலுக்கினார். சத்தம் போடாத குடும்பம் என்று பாராட்டினார். பிறகு புல் வெட்டப் போய்விட்டார். வழியனுப்புதல் முடிந்தது.

இங்கே அவளை அழவைக்க நினைத்தேன். மறுத்துவிட்டாள். அலுப்பாக இருந்தது அவளுக்கு, அவ்வளவுதான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறவருக்கு முதலில் வலிப்பது கால்தான்.

4

சாயங்காலம் கணவர் வந்தார்.

“பெட்டியெல்லாம் ஏன் வெளிய இருக்கு? மழை வந்தா ஊறிடும்.”

“ஊறட்டும்.”

“தெர்மோகோல் உள்ளதானே இருக்கு?”

“உள்ளதான் இருக்கு.”

அவர் ஃப்ரிட்ஜ் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஷெட்டை நோக்கி நடந்தார்.

(இவரை வில்லனாக்க ஒரு பக்கம் முழுக்க முயன்றேன். தன்னைவிட உயரமான பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வழி தெரியாமல் நடக்கிற ஆளை யாராலும் வில்லனாக்க முடியாது.)

“அந்த ஃப்ரிட்ஜ் போன வருஷமே கெட்டுப்போய் வேற வாங்கியாச்சு,” என்றாள்.

“பெட்டி நல்லாத்தானே இருக்கு.”

“ஏங்க, திங்கட்கிழமை நான் வேலைக்குச் சரின்னு சொல்லப் போறேன்.”

பெட்டி நின்றது.

5

இதற்குப் பிறகு இரண்டு முடிவுகள் எழுதியிருந்தேன். ஒன்றில் அவர் பெட்டியைக் கீழே வைக்கிறார். இன்னொன்றில் பதில் சொல்லாமல் ஷெட்டுக்குள் போகிறார்.

அக்கா துணி மடித்துக்கொண்டே படித்தாள்.

“நான் ‘ஊறட்டும்’னு சொல்லவே இல்லையே. மனசுலதான் நெனச்சேன்.”

“எடுத்துடவா?”

“வேணாம், இருக்கட்டும். கேக்க நல்லாருக்கு.” ஒரு காலுறைக்கு ஜோடி தேடினாள். “ஆனா அந்த ரெண்டு முடிவையும் எடுத்துடு.”

“ஏன்க்கா?”

“அவரே இன்னும் ஒண்ணும் சொல்லலைடி.”

எடுத்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் சொல்லப்போவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சுருக்கமாக இருக்கட்டும். காலையில் அவருக்கு ஷிஃப்ட். அவளுக்கும்.