ஆறு ரூபாய்த் தாழ்ப்பாள்

மாணவர் பேரவைத் தலைவர் ஆனதிலிருந்து திருமலைக்குக் கழுத்து திரும்புவதில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவான். தண்டலத்துக் கலைக் கல்லூரியில் 1991இல் பேரவைக்கு இருந்த சொத்து ஒரு மேசையும் ஒரு ரப்பர் முத்திரையும்தான். அதை வைத்துக்கொண்டு அவன் அடித்த கூத்தை மூன்று மாதமாக லீலா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேரவையில் மாணவிகளின் பிரதிநிதி. அவனைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முத்திரை போதவில்லை போலிருக்கிறது. பேரவைக் கட்டணத்தைப் பத்து ரூபாயிலிருந்து முப்பதாக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான். மாணவர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் செல்லும். பையன்களில் பாதிப்பேர் முறுக்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது நாற்பத்திரண்டு பெண்களின் ஓட்டு. உடனே அய்யாவின் கழுத்து இளகிவிட்டது.

“லீலா, லேடீஸ் ஓட்டு மொத்தமும் உன் கைலதான் கீது. இன்னா வோணும் சொல்லு.”

“பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா.”

“ப்பூ, இவ்ளோதானா? மொத செலவே அதான், போ.”

பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் கழன்று ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டே பலர் மாலை வரை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் கங்கா, போன பருவத் தேர்வில் நீர்க்கடுப்பு தாங்காமல் பாதியில் எழுந்து போனாள். அந்தப் பாடம் போயிற்று. திருமலையின் பேச்சில் லீலாவுக்குக் காலணா நம்பிக்கை இல்லை. ஆனாலும் வேறு வழி தெரியாமல், “நான் பொறுப்புடீ” என்று பெண்களிடம் சொல்லி ஓட்டு வாங்கிக் கொடுத்தாள்.

பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் ஜெயித்தது. முதல் செலவு, தலைவருக்குச் சுழல் நாற்காலி. இரண்டாவது, தலைமைப் பண்பை வளர்க்க மகாபலிபுரத்துக்கு வேன். அங்கே போய் என்ன வளர்த்தார்கள் என்பது அந்த வேன் டிரைவருக்குத்தான் வெளிச்சம்.

தாழ்ப்பாள் என்ன ஆயிற்று என்று லீலா பேரவைக் கூட்டத்தில் கேட்டாள்.

“ரூல்ஸ் ஒத்துக்காதும்மா. இது விழா, போட்டி அந்த மாதிரி நடவடிக்கைக்கு வெச்ச காசு. தாழ்ப்பா போடறது நடவடிக்கையா இன்னா?” என்றான் திருமலை.

“நீ சேர்ல சுத்திக்கினு கீறியே, அது நடவடிக்கையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கங்கா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “அவன் சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்போம். நீ சொன்னேன்னுதான் போட்டோம்.”

லீலாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. இரவெல்லாம் திருமலையைத் திட்டித் தீர்த்தாள். விடியும்போது வழி புலப்பட்டது. விழாவுக்குத்தானே காசு? மறுநாள் ஒரு விண்ணப்பம் எழுதினாள்: ‘மாணவர் தலைவர் அவர்களின் பொற்கரங்களால் மகளிர் நலத் திறப்பு விழா.’ பொற்கரங்கள் என்ற இடத்தில் திருமலை விழுந்துவிட்டான். கேள்வியே கேட்காமல் முத்திரை குத்தினான். பந்தல், மைக் செட், மாலை, போட்டோ எல்லாமாக எழுநூற்று நாற்பது ரூபாய். தாழ்ப்பாளுக்கு ஆறு.

விழா நாள் காலையில் தச்சர் வந்து தாழ்ப்பாளை மாட்டிவிட்டுப் போனார். கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். கல்லூரி முதல்வர் நாற்காலியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் கத்தரிக்கோலோடு திருமலை பெண் இனத்தின் பெருமையைப் பற்றி முழங்கத் தொடங்கினான். அரை மணி ஆயிற்று. சங்க காலம் இன்னும் முடியவில்லை.

கங்கா நெளிந்துகொண்டிருந்ததை லீலா பார்த்தாள்.

“போடீ,” என்றாள்.

கங்கா எழுந்தாள். முதல்வரைத் தாண்டி, மைக்கைத் தாண்டி, ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. திருமலை பேச்சை நிறுத்திவிட்டு உடம்போடு திரும்பினான்.

“யாரு உள்ள?”

“உனுக்கு ஓட்டுப் போட்டவ. வெளிய நில்லு,” என்றாள் லீலா.