புகைபோக்கிக்கு ஒரு வாளி

மே மாதம் இரண்டாம் வாரம், கொல்லையில் நின்று சுடுநீரால் வீட்டைச் சூடாக்கும் விறகு உலையை ரைலி அணைத்தாள். அவள் கணவன் ஆர்வோ பிப்ரவரியிலேயே செத்துவிட்டான். தரை பாறையாக உறைந்து கிடந்ததால், பிணவறையில் இருந்த உடலைப் போன சனிக்கிழமைதான் குழி தோண்டிப் புதைக்க முடிந்தது. அது வரை அவள் எதையும் முடித்து வைக்கவில்லை, உலையையும்தான்.

உலை ஆறியதும் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, இடுப்பு வரை உலைக்குள் நுழைந்து, சுவரில் அப்பியிருந்த கரிப்பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் கொஞ்சம் தங்கினாலும் கோடை ஈரத்தில் இரும்பை அரித்துவிடும். வெளியே வண்டி வந்து நின்றது. சங்கிலிச் சத்தம் கேட்டது.

"உள்ள ஒளிஞ்சிக்கிட்டா நான் போயிடுவேன்னு நெனச்சியா?" ஆர்வோவின் தம்பி வைனோ.

"போனா நல்லாத்தான் இருக்கும்."

"இந்த உலைய எனக்குத் தர்றேன்னு அண்ணன் சொல்லியிருந்தான்."

"எப்ப? செத்ததுக்கப்புறமா?"

"நக்கல் வேற. அறுவத்தி மூணு வயசுல நீ மரம் வெட்டிப் பொளந்து அடுக்கப் போறியா? ஒரு குளிர்காலம் தாங்க மாட்ட. வீட்டையும் எனக்கே கொடுத்துட்டு உன் தங்கச்சி வீட்டுக்குப் போ."

அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டுக்கு வேறு சூடு கிடையாது. உலை போனால், அக்டோபரில் குளிர் தொடங்கியதும் அவளும் போக வேண்டியதுதான்.

திடீரென்று தண்ணீர் கொட்டும் சத்தம். பின்வாங்கி வெளியே வந்தாள். உலையைச் சுற்றியிருக்கும் தொட்டியின் அடி வால்வை வைனோ திறந்துவிட்டிருந்தான். கறுத்த தண்ணீர் அவன் பூட்ஸைச் சுற்றி ஓடியது. அவனை இடித்துத் தள்ளிவிட்டு வால்வை மூடினாள்.

"லூசா நீ? தண்ணியோட எப்படித் தூக்குறது? எப்படியும் கோடைக்கு வடிச்சிடணும். இல்லன்னா துரு புடிக்கும்."

"காலியா வச்சாத்தான் துரு புடிக்கும். அவரு வருஷா வருஷம் சொன்னாரு. நீ வருஷா வருஷம் வடிச்ச. உன் உலை எங்க இப்ப?"

வைனோ குனிந்து சங்கிலியைக் கையில் சுற்றினான்.

"அஞ்சாம் வருஷமே ஓட்டை. அதான் இதுக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்க. இதையும் கொன்னுடுவ."

"ஒத்தையா கெடந்து சாவு," என்றான். சங்கிலியை வண்டியில் எறிந்தான். பிறகு உலையில் சாய்ந்திருந்த ஏணியையும் தூக்கிப் போட்டான். "இது என்னோடது."

உண்மைதான், அவனுடையதுதான். ஆனால் புகைபோக்கியை மூட ஏணி வேண்டும். மூடாவிட்டால் மழை நேரே உள்ளே இறங்கும். அது தெரிந்துதான் எடுத்தான். எடுத்தவன் போகவும் இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ரைலி அவசரப்படவில்லை. குழாயைச் செருகித் தொட்டியை நிரப்பினாள். துரு தடுக்கும் மருந்தை அளந்து ஊற்றினாள். ஆர்வோவின் கையுறையை மாட்டிக்கொண்டு, உலையின் உட்சுவரெங்கும் பழைய எஞ்சின் ஆயிலைத் தேய்த்தாள். கையுறை அவளுக்குப் பெரிது. விரல் நுனிகள் மடங்கிக்கொண்டே இருந்தன.

கடைசியில் தகர வாளியை எடுத்து, தணல் கிளறும் நீளக் கம்பியின் முனையில் கவிழ்த்து மாட்டினாள். கொட்டகையில் இருந்த விறகு வெட்டும் கட்டையை உருட்டி வந்து அதன்மேல் ஏறினாள். முதல் தடவை வாளி விழுந்தது. வண்டிக்குள்ளிருந்து சிரிப்பு. இரண்டாவது தடவையும் விழுந்து தரையில் உருண்டது.

மூன்றாவது தடவை புகைபோக்கியின் வாயில் உட்கார்ந்தது. கோணல்தான். கம்பியால் இரண்டு தட்டுத் தட்டினாள், அசையவில்லை.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டையை விட்டு இறங்கி, அதை மறுபடி கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போனாள். வெட்ட வேண்டிய மரம் அங்கே கிடந்தது.