கயிறறுக்கும் கை

அல்மாட்டியில் எங்கள் குழந்தை மருத்துவத் துறையின் ஆண்டுக் கூட்டம். பேராசிரியர் பைமுரத் சாதனைகளைப் படித்துக்கொண்டே போனார்: கட்டுரைகள், விருதுகள், வெளிநாட்டு மாநாடுகள். எனக்குத் தலை வலித்தது.

எங்கள் வார்டில் பிழைத்த குழந்தை தௌரெனை, கால்களில் கயிறு கட்டி, தாய் அக்போபெ மேடையேற்றினாள். கசாக் வழக்கம் அது: நடக்கத் தொடங்கும் பிள்ளையின் கால்களில் கட்டிய கயிற்றை அறுப்பவரின் நடைதான் பிள்ளைக்கும் வருமாம். பைமுரத் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார்.

"கோச்சுக்காதீங்க அகா," என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடே அவரைத் தடுத்தாள் அக்போபெ. "நீங்க எங்க கட்டிலைத் தாண்டி வேகமாப் போவீங்க. நின்னு பார்த்த ராய்ஹான் டாக்டர் எங்க?"

"வார்டுல டியூட்டி," என்றேன்.

"அப்ப அங்கயே அறுத்துக்கிறோம்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாங்கள் எல்லோரும் எழுந்து அவள் பின்னால் போனோம்.

பைமுரத் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கேட்க நாற்காலிகள் இருந்தன.